மூக்கால் குடித்தவன்

நுவரெலியா,
19 ஜனவரி 2025

அக்கா,

நீ என்னை வட்ஸ்அப்பில் பிளாக் பண்ணியிருக்கிறாய். பேஸ்புக்கிலும். அம்மாவின் போனிலிருந்தும் என் நம்பரைத் தூக்கிவிட்டாய். திரும்பப் போட அம்மாவுக்குத் தெரியாது என்று உனக்கு நன்றாகத் தெரியும். அதனால் கடிதம். கடைசியாக நான் கடிதம் எழுதியது ஓ.எல். பரீட்சையில், 'வெளியூரில் இருக்கும் நண்பனுக்கு'. இப்போது ஒரு பஸ் தூரத்தில் இருக்கும் அக்காவுக்கு எழுதுகிறேன்.

ஹோட்டல்காரர்கள் போட்ட படத்தைப் பார்த்துவிட்டாய். கறுப்பு வேஸ்கோட், கையில் போத்தல், முகத்தில் இளிப்பு. நான் லோண்டரியில் வேலை என்று சொல்லியிருந்தேன். முதல் வருசம் லோண்டரிதான். பிறகு பாருக்கு ஆள் போதவில்லை. உயரமாக இருக்கிறான், இங்கிலீஷ் கொஞ்சம் வருகிறது என்று என்னைத் தூக்கி அங்கே போட்டார்கள். வீட்டில் சொன்னால் நீ என்ன செய்வாய் என்று நினைத்தேனோ, அதையே இப்போது செய்திருக்கிறாய்.

ஆனால் ஒன்றைக் கேள். நான் குடிக்கவில்லை. அப்பாவைப் புதைத்த அன்று மாரியம்மன் கோயில் வாசலில் நீ சூடம் கொளுத்தி வைத்தாய். "அடிச்சு அணைடா. ஒரு சொட்டு வாயில வைக்க மாட்டேன்னு சொல்லி அடி" என்றாய். அடித்தேன். உள்ளங்கை பொசுங்கியது. அன்றைக்கு எனக்குப் பதினேழு வயது. அந்தச் சத்தியத்தை இன்றுவரை பாருக்குள் நின்றுகொண்டே காப்பாற்றுகிறேன்.

எப்படி என்று கேட்பாய். மூக்கால்.

இங்கே பின்னேரங்களில் வெளிநாட்டுக்காரர்களுக்கு மூன்று ஸ்கொட்ச் விஸ்கி, மூன்று பேர்பன் விஸ்கி என்று சின்னச் சின்னக் கிளாசில் வரிசையாக வைப்போம். எது எது என்று நான் விளக்க வேண்டும். ஸ்கொட்லாந்துக்காரன் பார்லியில் காய்ச்சுகிறான், அமெரிக்காக்காரன் பெரும்பாலும் சோளத்தில். அமெரிக்காக்காரன் புது மரப் பீப்பாயின் உள்பக்கத்தைக் கருக்கி, ஒரே ஒரு தடவைதான் அதில் பேர்பனை ஊறவைப்பான். பிறகு அந்தப் பழைய பீப்பாயை ஸ்கொட்லாந்துக்காரன் வாங்கித் தன்னுடையதை ஊற்றுவான். உன் பள்ளிக்கூட சுவெட்டர் எனக்கு வந்தது மாதிரி. அதில் உன் மணம் இருந்தது. ஸ்கொட்சிலும் கொஞ்சம் அமெரிக்க மணம் இருக்கும். இதைச் சொன்னால் வெள்ளைக்காரர்கள் சிரித்துவிட்டு இன்னொன்று கேட்கிறார்கள்.

நமக்கு இது புதிதா? அப்பா துரை பங்களாப் பூந்தோட்டத்தில் வேலை செய்தபோது சனிக்கிழமை சனிக்கிழமை வெறும் போத்தல்களைச் சாக்கில் போட்டுக் கொண்டுவருவார். மண்ணெண்ணெய் ஊற்றிவைக்க, தேங்காயெண்ணெய் ஊற்றிவைக்க. அம்மா கழுவுவதற்குள் நாம் இரண்டு பேரும் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து, அம்மாவின் தலைத்துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு, மூடியைத் திறந்து மூக்கில் வைத்து எது எது என்று சொல்வோம். நனைந்த விறகு எரிய மாட்டேன் என்று புகைகிற மணமா? அது புகைக்காரன். பெயார்ஸ் பழம் மணந்தால் பெயார்ஸ்காரி. ஒரு அமெரிக்க விருந்தாளி விட்டுப்போன, கழுத்தில் மெழுகு உருகி வழிந்த போத்தல் கருப்பட்டிக்காரன். எல்லாப் பேரும் அப்பா வைத்தது. நீதான் எப்போதும் ஜெயிப்பாய்.

இப்போது விசயத்துக்கு வருகிறேன். எங்கள் பாரின் தலைவர் ஜெயரத்தினம் அண்ணன், யாழ்ப்பாணத்துக்காரர், கனடாவுக்கு மகளிடம் போகிறார். அவருடைய இடத்துக்கு ஆள் எடுக்கக் கொழும்பிலிருந்து பரீட்சை வைக்க வருகிறார்கள். பேர் எழுதாத ஆறு கிளாஸ் வைப்பார்கள். நாக்கில் என்ன செய்கிறது என்று சொல்ல வேண்டும். மூக்கு போதாது. முழுங்கத் தேவையில்லை, தேயிலை ருசி பார்க்கிறவர்கள் போல வாயில் வைத்துத் துப்பிவிடலாம். பக்கத்தில் ஒரு ஏனம் வைப்பார்கள்.

சத்தியம் நீ வாங்கினது. நீ சரி என்றால்தான் வாயில் வைப்பேன். ஒரு சொல் எழுது.

சுதாகரன்


மேல் டிவிசன், தலவாக்கலை,
2 பெப்ரவரி 2025

சுதாகரன்,

உன் கடிதம் ஒரு வாரத்துக்கு மேல் தோட்ட ஆபீசில் கிடந்திருக்கிறது. லயத்து வரிசை வீடுகளுக்குத் தபால்காரன் வரமாட்டான், நமக்கு வீட்டு இலக்கம் கிடையாது என்பதெல்லாம் கோட்டுப் போட்டதும் மறந்துவிட்டதா? நம் ஆட்கள் இந்த மலைக்கு வந்து இருநூறு வருசம் என்று மேடை போட்டு மாலை போட்டார்கள். ஒரு கதவில் ஒரு நம்பர் அடிக்க முடியவில்லை.

நேற்றுக் காலையில் பிள்ளைக் காம்பரா வாசலில் நின்று, வேலைக்குப் போகிற தாய்மாரிடம் பிள்ளைகளை வாங்கிக்கொண்டிருந்தேன். பெரட்டுக் களத்தில் எல்லாரும் பேர் கொடுக்க நின்றார்கள். கணக்கப்பிள்ளை உன் கடிதத்தைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினார்.

"ஆயா வினோதாவுக்குக் காயிதம் வந்திருக்கு! எந்த ஊரு மாப்பிள்ளைன்னு தெரியல!"

"மோந்து பாருங்க ஐயா, சென்ட் அடிச்சிருப்பான்" என்றாள் வீரம்மா. அந்தச் சிரிப்புச் சத்தம் தேயிலை ஸ்டோர் வரைக்கும் கேட்டிருக்கும். இடுப்பில் ஒரு பிள்ளையோடு போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். இனிமேல் எழுதினால் தலவாக்கலை டவுனில் லக்சனாவின் தையல் கடை விலாசத்துக்கு எழுது.

உன் கேள்விக்குப் பதில்: முடியாது.

நீ சத்தியத்தை எழுதினாய். அதற்கு முன்னால் நடந்ததை விட்டுவிட்டாய். அப்பாவுக்குக் குழி வெட்டினவர்கள் நம் வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். குழி வெட்டினால் போத்தல் கொடுக்க வேண்டும், தோட்ட வழக்கம். குடித்துச் செத்தவனின் குழிக்கும் அதே வழக்கம்தான். ஒருவருக்கும் அது கேவலமாகத் தெரியவில்லை. மகன் கையால் ஊற்ற வேண்டும் என்று யோகேஸ்வரன் மாமா உன்னை இழுத்து விட்டார். நீ ஊற்றினாய். "இந்தா மாப்ள, நீயும் ஒரு மொடக்கு. மழையில நனைஞ்சிருக்க, சளி புடிச்சுக்கும்" என்றார். நீ கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வை என்ன பார்வை என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அதனால்தான் உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன்.

போத்தல் விளையாட்டை அழகாக எழுதியிருக்கிறாய். எனக்கு அழுகை வந்தது. அதற்காகவும் உன்மேல் கோபம். போத்தலின் அடியில் மிஞ்சினதை எல்லாம் ஒரே தகரப் பேணியில் சாய்த்து அப்பா குடித்தாரே, அது எங்கே உன் கடிதத்தில்? பங்களா மூடினபிறகு அந்த மிச்சமும் கிடைக்காமல், கானுக்குப் பக்கத்தில் விற்கிற கள்ளச்சாராயத்துக்கு, கசிப்புக்குப் போனாரே, அது எங்கே? துரை உறிஞ்சினால் ருசி பார்க்கிறார். அப்பா உறிஞ்சினால் குடிகாரப் பய. இரண்டுக்கும் நடுவில் இருந்த ஒரே வித்தியாசம் கிளாஸ்.

போன மாதம் சோலைமலை அண்ணன் செத்தார். அதே கசிப்பு. கண் தெரியாமல் போய்த்தான் செத்தார். அவருடைய சின்ன மகள் என்னிடம்தான் இருக்கிறாள். மத்தியானம் தூங்கும்போது யாருடைய விரலையாவது பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறாள். இந்தக் கையால் நான் உனக்குச் சரி என்று எழுத வேண்டுமா?

துப்புவேன் என்கிறாய். முழுங்குவேன் என்று சொல்லித் தொடங்கினவன் எவனும் இல்லை.

வினோதா


நுவரெலியா,
9 பெப்ரவரி 2025

அக்கா,

அப்பாவைக் கொன்றது போத்தல் மட்டும்தானா?

பங்களாவைக் கம்பெனி மூடினபோது அவரைத் தேயிலை மலைக்கு அனுப்பினார்கள். ரோசாச் செடியைக் குழந்தைக்கு நகம் வெட்டுவது மாதிரி வெட்டின கையில் மண்வெட்டியைக் கொடுத்துத் தண்ணீர் வடிகிற கான் வெட்டச் சொன்னார்கள். அதைப் பற்றி ஒருவரும் சூடம் அடிக்கவில்லை.

நான் நல்லதை மட்டும் எழுதுகிறேன் என்கிறாய். எனக்கு வருவது அதுதான். தகரப் பேணியை விளக்குக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடி, துரை மாதிரி மூக்கை உள்ளே விட்டு, தன்னையே பேர் சொல்லிக் கூப்பிட்டு, "யெஸ், பழனியாண்டி, திஸ் இஸ் வெரி ஓல்ட்" என்பாரே. "ஆமா, ஒங்க மூஞ்சி மாதிரி" என்று அம்மா அகப்பையால் எறிவாரே. நீ சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்து, அதற்கு அப்பாவே தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பார். மழை நாளில் அவர் உள்ளே வந்தால் முதலில் ரோசா மணம், பிறகு ஈரச் சாக்கு மணம், கடைசியில்தான் அந்த மணம். நான் மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துச் சொல்வேன். இந்த வேலையை அங்கேதான் படித்தேன், வேறு எங்கேயும் இல்லை. தினமும் பின்னேரம் அந்தப் போத்தல்களைத் திறக்கும்போது ஒரு நிமிசம் நம் இஸ்தோப்புக்குப் போய்விட்டு வருகிறேன். உனக்கு அது விளங்காதா?

இங்கே என் சத்தியம் ஜெயரத்தினம் அண்ணனுக்கு மட்டும் தெரியும். "நீ குடிக்காத பார்க்காரன். மீன் தின்னாத மீன்காரி மாதிரி. என்ன கொமடியடா தம்பி இது?" என்பார். ஆனால் ருசி கேட்டு யாராவது என்னை நெருக்கினால் நடுவில் வந்து அவரே பேசி என்னைக் காப்பாற்றுவார். அவர் போனபிறகு யார் காப்பாற்றுவார்கள்?

அம்மா வீரம்மா அக்காவின் போனிலிருந்து பேசினார். "கோட்டுல மாப்பிள்ளை மாதிரி இருக்க சாமி. படத்தைப் பெருசாக் கழுவிக் குடுக்கச் சொல்லு. ஒங்கக்காகிட்டச் சொல்லிறாத" என்றார். சொல்லிவிட்டேன். கோபம் வந்தால் என்மேல் வை, அம்மாமேல் வைக்காதே.

ஒரு சொல்தான் கேட்கிறேன்.

சுதாகரன்


தலவாக்கலை,
20 பெப்ரவரி 2025

தம்பி,

தம்பி என்று தொடங்கியிருக்கிறேன். அதை வைத்துப் பெரிதாக ஒன்றும் கட்டிக்கொள்ளாதே.

அம்மாவிடம் கேட்டேன். "நானா பேசினேன்? வீரம்மா போனு தானா அடிச்சிருச்சு" என்றார். பிறகு, "அவன் லோண்டரியில இருக்கான்னு நெனச்சப்ப அவன் கை ரெண்டும் சவக்காரத்துல வெந்து போயிருக்கும்னு தினம் அழுதேன். கோட்டு போட்டிருக்கான், ஒரு அழுகை மிச்சம்" என்றார்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். நேற்றுப் பிள்ளைக் காம்பராவுக்குப் புது மேசை இறக்கினார்கள். ஏதோ ஒரு நிறுவனம் கொடுத்தது. படம் எடுத்துக்கொண்டு போனார்கள். கூரை ஒழுகுவதைப் படம் எடுக்கச் சொன்னேன், எடுக்கவில்லை. அவர்கள் போனபிறகு மேசையின் உறையைப் பிரித்தேன். புதுப்பலகை மணம், கொஞ்சம் கருகினது மாதிரி, உள்ளே இனிப்பு. 'கருப்பட்டிக்காரன்' என்று வாய்விட்டுச் சொன்னேன். கேட்க ஒருவரும் இல்லை. பிள்ளைகள் தூங்கினார்கள். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அந்த மேசைமேல் தலை வைத்திருந்தேன். யாரோ பக்கத்தில் உட்கார்ந்து "தப்பு! தப்பு!" என்று கத்துவது மாதிரி இருந்தது. நீ எப்போதும் அப்படித்தான் கத்துவாய், நான் சரியாகச் சொன்னாலும்.

எனக்கும் விளங்கும். விளங்காது என்று நினைக்காதே.

ஆனாலும் முடியாது. பரீட்சையை மூக்கால் எழுது. தோற்றால் தோற்றுவிட்டு வீட்டுக்கு வா, சோறு இருக்கிறது. ஹட்டனில், நுவரெலியாவில், எத்தனை பார் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. எனக்கு ஒரே ஒரு தம்பிதான் இருக்கிறான்.

வினோதா


நுவரெலியா,
5 மார்ச் 2025

அக்கா,

தோற்றுவிட்டேன். ஆனால் பதவி கிடைத்துவிட்டது. இரண்டும் உண்மை. முழுவதையும் வாசி, பாதியில் கிழிக்காதே.

கொழும்பிலிருந்து வந்தவர் பேர் டி மெல். நல்ல மனுசன்தான். ஆறு கிளாசையும் மூக்கில் வைத்தேன். நான்கைச் சரியாகச் சொன்னேன். இரண்டை மாற்றிச் சொல்லிவிட்டேன். ஒன்று ஸ்கொட்ச், ஆனால் அமெரிக்காவின் பழைய பீப்பாயில் நெடுங்காலம் கிடந்தது. வனிலாவும் பலகையும் மூக்கை நிறைத்தன, நான் பேர்பன் என்றேன். உன் சுவெட்டரைப் போட்டுக்கொண்டு முதுகைக் காட்டி நின்ற என்னை டீச்சர் "வினோதா" என்று கூப்பிட்டாரே, அதே கதை. வாயில் வைத்திருந்தால் தெரிந்திருக்கும் என்றார் டி மெல். "வையுங்கள், இப்போதே வைத்துப் பாருங்கள்" என்று கிளாசை நீட்டினார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

ஜெயரத்தினம் அண்ணன் பொறுக்க மாட்டாமல் சொல்லிவிட்டார். "சேர், இவன்ர தேப்பன் குடியில செத்த மனுசன். செத்தவீட்டண்டைக்கே இவன் தொடமாட்டன் எண்டு சத்தியம் பண்ணினவன். விடுங்கோ பெடியனை." என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். டி மெல் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். ஆனால் பின்னால் நின்ற மெனேஜரின் முகத்தை நான் பார்த்தேன். தெருவில் எதையோ கண்டெடுத்தவனின் முகம்.

மறுநாள் மெனேஜர் கூப்பிட்டார். பதவி உனக்குத்தான் என்றார். ஒவ்வொரு பின்னேரமும் நெருப்புக்குப் பக்கத்தில் நின்று, ஊற்றுவதற்கு முன்னால் இந்தக் கதையைச் சொல்ல வேண்டும். லயம், அப்பா, போத்தல், சாவு, சத்தியம். மேசைக்கு மேசை வைக்க ஒரு கார்ட் அடிக்கிறார்கள். 'இவர் ஒருபோதும் சுவைத்ததில்லை' என்று அதில் இருக்கும். லயத்தின் படம் வேண்டுமாம். ஏப்ரல் சீசனில் ஒரு நாள் அம்மா தலையில் கூடையோடு வந்து நிற்க முடியுமா என்று கேட்டார். "பழைய பிரம்புக் கூடை இருக்குமா? இப்ப தூக்குற பிளாஸ்டிக் சாக்கு படத்துக்கு நல்லா இல்ல" என்றார்.

மூக்குக்குக் கிடைக்கவில்லை இந்தப் பதவி. அப்பாவின் சாவுக்குக் கிடைத்திருக்கிறது. எனக்கு அது விளங்குகிறது. ஆனால் மெனேஜர் பொய் சொல்லச் சொல்லவில்லையே? நடந்தது நம் கதைதானே? இந்த ஹோட்டலுக்கு நம் ஆட்கள் விறகு சுமந்திருக்கிறார்கள், கிளாஸ் கழுவியிருக்கிறார்கள். அந்தப் பாருக்கு ஒரு தோட்டத்துப் பையன் தலைவனாக நின்றதே இல்லை. உன் சத்தியத்தை மீறவும் தேவையில்லை. மீறக்கூடாது என்பதுதான் இப்போது வேலையே.

வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்த மாதம் 22ஆம் திகதி சனிக்கிழமை முதல் நிகழ்ச்சி. என்ன செய்யட்டும்?

சுதாகரன்


தலவாக்கலை,
11 மார்ச் 2025

சுதாகரன்,

லக்சனா கடையிலேயே நின்று வாசித்தேன். மெசினை நிறுத்திவிட்டு அவள் என்னைப் பார்த்தாள். முகம் அப்படி இருந்திருக்கும்.

நம் முதுகில் கொழுந்து சுமக்க வைத்தார்கள். சரி. நம் லயத்தைச் சுற்றுலாக்காரன் பஸ்ஸிலிருந்து படம் எடுக்கிறான். சரி. இப்போது அப்பாவின் சாவை ஒரு தட்டில் வைத்து, அவர்கள் கடிக்கிற முந்திரிப்பருப்புக்குப் பக்கத்தில் வைப்பார்களா? ஒருத்தி "பாவம்" என்பாள். பிறகு கிளாசை எடுத்து உறிஞ்சுவாள். அப்பாவின் ஈரல் கெட்டு, வயிறு வீங்கி, அம்மாவின் பேரையே மறந்துபோய்க் கிடந்த அந்தக் கடைசி மாதம், அவர்களுக்கு நாக்கில் ருசி ஏற்றுகிற ஊறுகாயா?

நம் கதைதான். அதனால்தான் சொல்கிறேன். அதைச் சோலைமலை அண்ணனின் பொண்டாட்டியிடம் சொல், நான் உன்னோடு வந்து நிற்கிறேன். கசிப்புக் காய்ச்சுகிறவனின் வாசலில் சொல். அங்கே சொன்னால் உனக்குப் பதவி கிடைக்காது, அடிதான் கிடைக்கும்.

நீ உயிரோடு இருக்க வேண்டும் என்று நான் சத்தியம் வாங்கினேன். ஒரு ஹோட்டல் தன் கார்டில் அடிப்பதற்கு வாங்கவில்லை.

நேற்றுப் பின்னேரம் வேலை முடிந்ததும் கோயிலுக்குப் போனேன். பூசாரி இல்லை, நல்லதாகப் போயிற்று. நீ அடித்த அதே படியில் சூடம் கொளுத்தினேன். "நான் கேட்டு வாங்கினது தாயி. நானே திருப்பிக் குடுக்கிறேன். என் தம்பிமேல இனி இது இல்ல" என்று சொல்லி, அது தானாக எரிந்து முடியும்வரைக்கும் நின்றேன். அணைக்கவில்லை.

ஆகவே உனக்கு இப்போது சத்தியம் எதுவும் கிடையாது. வாயில் வை. அவர்கள் முன்னால் வை. சுவைத்தவனின் கதையை எவனும் வாங்கமாட்டான்.

இதை எழுத எனக்கு எப்படி இருக்கிறது என்று நான் எழுதப்போவதில்லை.

வினோதா


நுவரெலியா,
24 மார்ச் 2025

அக்கா,

உன் கடிதத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டுதான் சனிக்கிழமை நெருப்புக்கு முன்னால் நின்றேன்.

பதினைந்து பேர் இருப்பார்கள். வெள்ளைக்காரர்கள், கொழும்பிலிருந்து வந்த இரண்டு குடும்பம், டி மெல், மெனேஜர். மேசைதோறும் கார்ட். லயத்தின் படம் நம் லயம் இல்லை, எங்கேயோ எடுத்தது, ஆனால் கொழுந்து எடுக்கப் போகிறவர்கள் இடுப்பில் கட்டுகிற, கொடியில் காய்ந்த படங்குச் சாக்கு நம்முடையது மாதிரியே இருந்தது. "என் அப்பா ஒரு துரையின் தோட்டத்தில் ரோசா வளர்த்தார்" என்று இங்கிலீஷில் தொடங்கினேன். முன்வரிசையில் ஒரு வயதான பெண்மணி அதற்குள் நெஞ்சில் கையை வைத்துவிட்டாள். அப்பா இன்னும் சாகவே இல்லை, அக்கா. அவர் அப்போதுதான் ரோசா வளர்க்கத் தொடங்கியிருந்தார்.

அந்தக் கையைப் பார்த்ததும் கதையை அங்கேயே நிறுத்தினேன். கிளாசை எடுத்தேன். வாயில் வைத்தேன்.

முதலில் புகைக்காரன். மூக்கில் அவன் கோபக்காரன். நாக்கில் அப்படி இல்லை. கொஞ்சம் உப்பு, கொஞ்சம் தேன், பிறகு மெதுவாகப் போய்த் தொண்டைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு நெடுநேரம் புகைகிறான். அடுத்தது நான் பரீட்சையில் பேர்பன் என்று சொல்லித் தோற்றவன். வெளியேதான் அமெரிக்கச் சட்டை, உள்ளே மெலிந்த, வறண்ட, பார்லிக்காரன். மூன்றாவது கருப்பட்டிக்காரன். வந்தவுடனே இனிப்பு, கட்டிப்பிடிக்கிற மாதிரி, பிறகு மிளகு, பிறகு சூடு நெஞ்சுவரைக்கும். மூச்சு விட்டேன். என் மூச்சிலிருந்து அப்பா வந்தார். மழை நாளில் வாசலில் நின்று சாக்கை உதறுகிற அப்பா.

இதையெல்லாம், கடைசியைத் தவிர, அவர்களுக்குச் சொன்னேன். ஸ்கொட்ச் என்ன செய்கிறது, பேர்பன் என்ன செய்கிறது, எது பேசிக்கொண்டே வருகிறது, எது போனபிறகு பேசுகிறது. நன்றாகச் சொன்னேன். டி மெல் எழுந்து நின்று கேட்டார். அந்தப் பெண்மணி மட்டும் குழம்பிப்போய்க் கார்டைத் தூக்கிக் காட்டினாள். "நீங்கள் ஒருபோதும் சுவைத்ததில்லை என்று இதில் போட்டிருக்கிறதே?"

"அது பழைய கார்ட், மேடம்" என்றேன்.

மெனேஜருக்கு இருமல் வந்து வெளியே போனார். ஜெயரத்தினம் அண்ணன் கவுன்டருக்குப் பின்னால் குனிந்துகொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். "போச்சடா தம்பி! கொம்பனிக்கு ஒரு சத்தியம் நட்டம்!"

பதவி போய்விட்டது. கொழும்பிலிருந்து ஒருவர் வருகிறார். சீசன் முடியும்வரை கிளாஸ் தூக்கச் சொல்லியிருக்கிறார்கள், பிறகு பார்ப்போம் என்றார்கள். பார்ப்போம் என்றால் என்ன என்று உனக்கும் எனக்கும் தெரியும். கார்டுகளைப் பொறுக்கி நெருப்பில் போடச் சொன்னார்கள். நானே போட்டேன்.

அம்மா கூடையோடு வரத் தேவையில்லை என்று சொல்லிவிடு.

தம்பி


தலவாக்கலை,
30 மார்ச் 2025

தம்பி,

'பழைய கார்ட், மேடம்' என்ற இடத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மாவுக்கு மேடம் மட்டும்தான் விளங்கியது, ஆனாலும் சிரித்தார். பிறகு தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் வீரம்மாவிடம் சொல்லி, வீரம்மா அதில் இன்னும் நான்கைச் சேர்த்து, இப்போது தோட்டம் முழுக்க நீ ஒரு வெள்ளைக்காரியின் தலையில் விஸ்கியை ஊற்றியதாகப் பேச்சு. பக்கத்து லயத்துக் காளியாயி அக்கா என்னைக் கண்டால் "ஊத்துனான்ல? நல்லா ஊத்தட்டும்!" என்கிறாள். நான் மறுக்கவில்லை.

உன்னை நினைத்து இவ்வளவு சந்தோசப்பட்டதில்லை. அது உனக்குத் தெரிய வேண்டும் என்று முதலில் எழுதினேன்.

பிறகு கடிதத்தைத் திரும்ப வாசித்தேன். பக்கத்தில் ஏனம் வைப்பார்கள், துப்பிவிடலாம் என்று நீதான் முதலில் எழுதினாய். இந்தக் கடிதத்தில் நெருப்பு இருக்கிறது, கார்ட் இருக்கிறது, அந்தப் பெண்மணியின் கை இருக்கிறது. ஏனத்தைக் காணவில்லை. தொண்டைக்குப் பின்னால் என்று எழுதியிருக்கிறாய். சூடு நெஞ்சுவரைக்கும் என்று எழுதியிருக்கிறாய். துப்பினவனுக்கு நெஞ்சில் என்ன வேலை?

துப்பினியா, முழுங்கினியா?

சத்தியம் இல்லை, ஆகவே பயப்படாமல் எழுது. நான் கத்தமாட்டேன். அம்மாவிடம் சொல்லமாட்டேன். எனக்குத் தெரிய வேண்டும்.

அக்கா


நுவரெலியா,
3 ஏப்ரல் 2025

அக்கா,

முழுங்கினேன். மூன்றையும்.

ஏனம் இருந்தது. வெள்ளைப் பீங்கான், கைக்கு எட்டுகிற தூரம். துப்பத்தான் நினைத்திருந்தேன். முதலாவதை வாயில் வைத்திருந்தபோதுகூட அதைத்தான் நினைத்தேன். பிறகு நினைக்கவில்லை.

நன்றாக இருந்தது, அக்கா. அதைத்தான் உனக்கு எழுதாமல் விட்டேன். கசக்கும், குமட்டும், அப்பா எப்படித்தான் இதைக் குடித்தாரோ என்று அருவருப்பு வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. மறுநாள் கிளாஸ் கழுவும்போது ஒன்றின் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. யாரும் பக்கத்தில் இல்லை. தண்ணீரைத் திறந்துவிட்டுக் கழுவிவிட்டேன். ஆனால் கழுவுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை லீவு கேட்டிருக்கிறேன். முதல் பஸ்ஸில் வருகிறேன். நீ டவுனுக்குப் போகாதே, யார் வீட்டுக்கும் போகாதே. வீட்டில் இரு.

தம்பி